பிரெஞ்சில் ‘அம்பார்ஃபெ’: முடிவைச் சொல்லாத இறந்தகாலம்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், சிறுவயது நினைவுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். தாத்தா கதை சொல்வார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம், வீடு பெரியது, வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும் என்று மனதில் தமிழில் ஓடியதை எல்லாம், அப்போது எனக்குத் தெரிந்த ஒரே இறந்தகாலமான ‘பாஸே கோம்போஸே’யில் எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது ஒரு சுழிகூட இல்லை. ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: இதெல்லாம் ஒரே நாளில் நடந்ததா?

நியாயமான கேள்விதான். நான் எழுதியிருந்தபடி பார்த்தால், தாத்தா ஒரு முறை கதை சொன்னார், நாங்கள் ஒரு முறை கேட்டோம், நாய் ஒரு முறை படுத்தது, அத்துடன் எல்லாம் முடிந்தது. அந்த நினைவுகளுக்கு வேண்டியிருந்த காலம் ‘அம்பார்ஃபெ’. குறையுள்ளது என்று அந்தப் பெயருக்குப் பொருள் கொள்ள வேண்டாம். முற்றுப்பெறாதது என்ற லத்தீன் பொருளே இங்கே செல்லும். செயல் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பதைப் பற்றி இந்தக் காலம் வாயே திறப்பதில்லை.

தமிழருக்கு இது கடினமான பாடம் இல்லை என்பது என் கட்சி. ‘சொன்னார்’ என்பதற்கும் ‘சொல்வார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு யாரும் கற்றுத்தராமலே தெரியும். அந்தக் காதை அப்படியே பிரெஞ்சுக்குக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. முதலில் வினையை உருவாக்கிக்கொள்வோம்.

படிக்கும் முன் உச்சரிப்பு பற்றி ஒரு சொல். இங்கே பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். இது ஊன்றுகோல் மட்டுமே. சொல்லிறுதியில் வரும் ‘ஓன்’, ‘ஆன்’ போன்றவற்றில் நாக்கை மேலண்ணத்தில் தொடவிடாமல் மூக்கால் ஒலிக்க வேண்டும். ‘ஏ’ என்று எழுதியிருந்தால் உதட்டை விரித்த கூர்மையான ஒலி, ‘எ’ என்று எழுதியிருந்தால் வாயைத் தாராளமாகத் திறந்த ஒலி.

பகுதியும் விகுதியும்

பள்ளியில் ‘வந்தான்’ என்ற சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்த நினைவு இருக்கும். அதே வேலைதான். நிகழ்காலத்தில் ‘நூ’, அதாவது ‘நாங்கள்’, என்பதற்குரிய வடிவத்தை எடுங்கள். அதன் கடைசியில் உள்ள ‘ஓன்’ என்ற விகுதியைக் கழற்றுங்கள். மிஞ்சுவது பகுதி. அதோடு கீழே உள்ள விகுதிகளில் உரியதைச் சேருங்கள்.

ஜ (நான்): எழுத்தில் ஏ-ஐ-எஸ், ஒலியில் ‘எ’
த்யு (நீ): ஏ-ஐ-எஸ், ஒலியில் ‘எ’
இல், எல், ஓன் (அவன், அவள், பேச்சுவழக்கில் நாம்): ஏ-ஐ-டி, ஒலியில் ‘எ’
நூ (நாங்கள்): ஐ-ஓ-என்-எஸ், ஒலியில் ‘யோன்’
வூ (நீங்கள்): ஐ-ஈ-ஸெட், ஒலியில் ‘யே’
இல், எல் (அவர்கள்): ஏ-ஐ-ஈ-என்-டி, ஒலியில் ‘எ’

‘எடு’ என்று பொருள்படும் ‘ப்ரான்த்ர்’ என்ற வினையை வைத்துச் செய்து பார்ப்போம். நிகழ்காலத்தில் ‘நூ ப்ரனோன்’. ‘ஓன்’ போனால் ‘ப்ரன்’ மிச்சம். இனி: ஜ ப்ரனெ, த்யு ப்ரனெ, இல் ப்ரனெ, நூ ப்ரனியோன், வூ ப்ரனியே, இல் ப்ரனெ. மூலவடிவத்தில் இருந்த ‘த்ர்’ எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். ‘நூ’ வடிவம் அதைக் கைவிட்டுவிட்டது, அம்பார்ஃபெ ‘நூ’வின் பின்னால்தான் போகும்.

நிகழ்காலத்தில் ஆட்டம் காட்டும் வினைகள்கூட இங்கே சாதுவாகிவிடுகின்றன. ‘போ’ என்ற வினை நிகழ்காலத்தில் ‘ஜ வெ’, ‘இல் வா’ என்று குதிக்கும். ஆனால் ‘நூ ஸாலோன்’ என்பதிலிருந்து பிறக்கும் அம்பார்ஃபெ வெறும் ‘ஜாலெ’. ‘முடி’ என்ற ‘ஃபினீர்’, ‘நூ ஃபினிஸோன்’ வழியாக ‘ஜ ஃபினிஸெ’ ஆகும். ‘குடி’ என்ற ‘ப்வார்’, ‘நூ ப்யுவோன்’ வழியாக ‘ஜ ப்யுவெ’. ‘உடைமை’ வினையான ‘ஆவ்வார்’, ‘ஜாவெ’. ‘செய்’ என்ற ‘ஃபெர்’ மட்டும் கண்ணையும் காதையும் சண்டையிட வைக்கும்: பகுதியை எஃப்-ஏ-ஐ-எஸ் என்றுதான் எழுதுகிறோம், ஆனால் அதிலுள்ள ஏ-ஐ ‘எ’ என்று ஒலிக்காமல் மங்கிப்போய் ‘ஜ ஃபஸெ’ என்றே கேட்கும்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று: ‘இரு’ என்ற ‘எத்ர்’. அதன் ‘நூ’ வடிவம் ‘ஸொம்’. கழற்றுவதற்கு அதில் ‘ஓன்’ இல்லை. அதனால் ‘ஏத்’ என்ற தனிப் பகுதியை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். ஜேதெ, த்யு ஏதெ, இலேதெ, நூ ஸேதியோன், வூ ஸேதியே, இல்ஸேதெ. மூலவடிவத்தின் முதல் எழுத்தில் இருக்கும் கூரைக் குறி இங்கே கிடையாது, சாய்கோடு மட்டுமே. ‘மழை பெய்’, ‘தேவைப்படு’ போன்ற வினைகளுக்கு ‘நூ’ வடிவமே இல்லை. அவற்றுக்கு ‘இல் ப்லவெ’, ‘இல் ஃபாலெ’ என்ற ஒரு வடிவம் தெரிந்தால் போதும்.

மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஆறு வரிகளில் நான்கு ஒரே ஒலி. காதால் கேட்பவருக்கு ‘ப்ரனெ’ என்றால் நானா, நீயா, அவளா, அவர்களா என்று தெரியாது. தமிழில் ‘எடுத்தேன்’ என்றால் ‘நான்’ என்பதை விட்டுவிடலாம், விகுதி காட்டிக்கொடுத்துவிடும். பிரெஞ்சில் எழுவாயை ஒருபோதும் விடமுடியாததற்கு இது ஒரு காரணம். ‘அவனிடம் இருந்தது’, ‘அவர்களிடம் இருந்தது’ என்ற இரண்டையும் பிரிப்பது நடுவில் ஒட்டும் ஒரு ‘ஸ்’ ஒலிதான்: இலாவெ, இல்ஸாவெ.

பழைய பிரெஞ்சு நூல்களைப் புரட்டினால் இந்த விகுதிகளை ஓ-ஐ-எஸ், ஓ-ஐ-டி என்று எழுதியிருப்பதைக் காணலாம். உச்சரிப்பு மாறி வெகுகாலம் ஆன பிறகும் எழுத்து பிடிவாதமாக நின்றது. 18ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் வோல்டேர் ‘ஓ’ எழுத்துக்குப் பதில் ‘ஏ’ எழுத்தைப் போட்டு எழுத வேண்டும் என்று வலியுறுத்தினார். பிரெஞ்சு மொழியைப் பேணும் அமைப்பான பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் 6ஆம் பதிப்பில், 1835இல்தான் அதை ஏற்றது. எழுத்துக்கூட்டல் உங்களை வதைக்கும்போது, பிரெஞ்சுக்காரர்களும் இதற்காக நெடுங்காலம் மல்லுக்கட்டியவர்கள்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது சறுக்கும் இடங்கள்

‘சாப்பிடு’ என்ற ‘மான்ஜே’யில் ‘ஜி’ எழுத்துக்குப் பின் ‘ஏ’ நேராக வந்தால் ‘மான்கெ’ என்று ஒலித்துவிடும். அதைத் தடுக்க நடுவே ஓர் ‘ஈ’ எழுத்து காவலுக்கு நிற்கும். ‘தொடங்கு’ என்ற ‘கொமான்ஸே’யில் அதே காரணத்துக்காக ‘சி’ எழுத்தின் அடியில் ஒரு சிறு வால் தொங்கும். ஆனால் ‘நூ’, ‘வூ’ வடிவங்களில் விகுதி ‘ஐ’ எழுத்தில் தொடங்குகிறது. அதன் முன் ‘ஜி’யும் ‘சி’யும் தாமாகவே மென்மையாக ஒலிப்பதால் காவலும் வேண்டாம், வாலும் வேண்டாம். தேர்வுத் தாள்களில் ‘நூ’ வடிவத்திலும் அந்த ‘ஈ’யை விட்டுவைத்து மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

இன்னொன்று, இரட்டை ‘ஐ’. ‘படி’ என்ற ‘ஏத்யுதியே’யின் பகுதியே ‘ஐ’ எழுத்தில் முடிகிறது. விகுதியும் ‘ஐ’யில் தொடங்குகிறது. ஆகவே ‘நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம்’ என்பதில் இரண்டு ‘ஐ’ அடுத்தடுத்து நிற்கும். பார்க்க அச்சுப்பிழை போல இருக்கும், பிழை இல்லை. ஒன்றை விட்டால் அது நிகழ்காலமாகிவிடும். ‘பார்’ என்ற ‘வ்வார்’ போன்ற வினைகளில் ‘ஒய்’ எழுத்தும் ‘ஐ’ எழுத்தும் அருகருகே வருவதும் இதே கதைதான்.

எப்போது பயன்படுத்துவது

வடிவம் ஒரு வாரத்தில் வசமாகிவிடும். எந்த இடத்தில் அம்பார்ஃபெ, எந்த இடத்தில் கோம்போஸே என்ற தீர்ப்புதான் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பாடநூல்கள் இதற்கு நீண்ட பட்டியல்கள் தருகின்றன. நான் அவற்றை மூடிவைத்துவிட்டு, சொல்ல வந்த வாக்கியத்தை முதலில் நல்ல தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.

வினை ‘கொண்டிருந்த’ என்று வந்தால் அம்பார்ஃபெ. ‘பேசிக்கொண்டிருந்தாள்’ என்றால் ‘எல் பார்லெ’. வினை ‘ஆக இருந்தது’ என்று நிலையைச் சொன்னாலும் அதேதான். ‘குளிராக இருந்தது’ என்றால் ‘இல் ஃபஸெ ஃப்ருவா’; வானிலைக்குப் பிரெஞ்சு ‘செய்’ வினையைப் பயன்படுத்தும் என்பதைக் கவனியுங்கள். கதை தொடங்கும் ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்’ என்பதற்கு அவர்கள் சொல்வது ‘இலேதெ யுன் ஃபுவா ஆன் ருவா’. அதிலும் அம்பார்ஃபெ.

மூன்றாவது அடையாளம்தான் நமக்கே உரியது. கடந்துபோன வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். ‘தாத்தா கதை சொல்வார், நாங்கள் கேட்போம்’ என்பதில் எதிர்காலம் துளியும் இல்லை. முன்னால் ‘அந்தக் காலத்தில்’ என்று சேர்த்துப் பார்த்து வாக்கியம் சிதையாமல் நின்றால், அந்தச் ‘சொல்வார்’ பிரெஞ்சில் அம்பார்ஃபெ. எதிர்மறையிலும் இது செல்லும். ‘பொய் சொல்லமாட்டார்’ என்பது அவருடைய குணம், அம்பார்ஃபெ. ‘பொய் சொல்லவில்லை’ என்பது ஒரு நாள் நடந்தது, பெரும்பாலும் கோம்போஸே. வடிவத்தை மட்டும் பார்த்து எதிர்காலத்தில் மொழிபெயர்த்துவிடும் ஆபத்து உண்டு. போய்ச் சேர்ந்துவிட்ட தாத்தா பிரெஞ்சில் நாளைக்குக் கதை சொல்வார்.

மாறாக ‘சொன்னார்’, ‘சொல்லிவிட்டார்’, ‘போய்விட்டாள்’ என்று முடிச்சுப் போட்டது போல வினை நின்றால் கோம்போஸே.

கால அளவிலும் தமிழ் ஒரு நுட்பமான கைகாட்டி வைத்திருக்கிறது. ‘இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்’ என்றால் அந்தக் காத்திருப்பு முடிந்து அளக்கப்பட்டுவிட்டது: ‘ஜே ஆதான்த்யு’ என்ற கோம்போஸே, உடன் ‘பான்தான்’ என்ற சொல். ‘இரண்டு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தேன்’ என்றால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்: ‘ஜாதான்தெ’, உடன் ‘தப்யுயி’. அந்த ஒரு ‘ஆக’தான் காலத்தையே மாற்றுகிறது. இதே காரணத்தால் ‘நான் அங்கே மூன்று வருடம் வாழ்ந்தேன்’ என்பதற்கு அம்பார்ஃபெ வராது. மூன்று வருடம் என்பது நீண்ட காலம்தானே என்று வாதாடிப் பயனில்லை. கணக்கு முடிக்கப்பட்டதா என்பதே கேள்வி, நீளம் இல்லை.

காலமே காட்டாத தமிழ்ச் சொற்கள்

தமிழ்க் காது நம்மை ஏமாற்றும் இடமும் ஒன்று இருக்கிறது. இங்கே நான் பட்ட அடிகள் அதிகம். ‘இல்லை’, ‘தெரியும்’, ‘தெரியாது’, ‘வேண்டும்’, ‘பிடிக்கும்’, ‘முடியாது’ ஆகியவை காலத்துக்கேற்ப மாறாமலே கடந்ததையும் சொல்லிவிடும். ‘அப்போது எனக்கு அவரைத் தெரியாது’ என்ற வாக்கியத்தில் காலத்தைச் சுமப்பது ‘அப்போது’ என்ற சொல் மட்டுமே. இதைப் பிரெஞ்சில் எழுதும்போது கை தானாகவே நிகழ்காலத்துக்குப் போகும். போகவிடாதீர்கள். கடந்த காலத்தைச் சொல்லும் பத்தியில் இந்தச் சொற்களில் எது வந்தாலும் அம்பார்ஃபெ: ஜ ஸாவெ (தெரியும்), ஜ வூலெ (வேண்டும்), ஜ பூவெ (முடியும்), இலியாவெ (இருந்தது).

வினையே இல்லாத வாக்கியங்கள் இன்னும் மோசம். ‘அவர் அப்போது ஆசிரியர்’, ‘வீடு பெரியது’, ‘எனக்கு இருபது வயது’ என்பவற்றில் மொழிபெயர்க்க வினையே கிடையாது. பிரெஞ்சுக்கு வினை வேண்டும், அதுவும் அம்பார்ஃபெயில் வேண்டும். வயதுக்கு ‘உடைமை’ வினை: ‘ஜாவெ வான் தான்’. இதையே கோம்போஸேயில் சொன்னால் ‘எனக்கு இருபது வயது நிறைந்தது’ என்று பிறந்தநாளைச் சொன்னதாகிவிடும்.

இதே போன்ற திருப்பம் வேறு சில வினைகளிலும் உண்டு. ‘ஜ ஸாவெ’ என்றால் எனக்கு ஏற்கெனவே தெரியும். ‘ஜே ஸ்யு’ என்றால் அந்தக் கணத்தில் தெரியவந்தது. ‘ஜ பூவெ’ என்றால் என்னால் முடியும் என்ற நிலை, செய்தேனா என்பது வேறு விஷயம்; ‘ஜே ப்யு’ என்றால் முடிந்தது, செய்தும்விட்டேன்.

பிறர் சொன்னதைச் சொல்லும்போதும் எச்சரிக்கை வேண்டும். ‘அவன் வீட்டில் இருக்கிறான் என்று சொன்னாள்’ என்பதில் ‘இருக்கிறான்’ நிகழ்காலத்திலேயே நிற்கிறது. பிரெஞ்சில் ‘சொன்னாள்’ என்பது இறந்தகாலமாக இருந்தால், உள்ளே இருக்கும் நிகழ்காலம் ஒரு படி பின்னே போய் அம்பார்ஃபெ ஆகும்: ‘எல் ஆ தி கிலேதெ...’. தமிழில் ‘என்று’ என்ற சொல் மேற்கோள் குறிபோல நின்று உள்ளே இருப்பதைக் காக்கிறது. அதற்கு இணையான பிரெஞ்சின் ‘க’ அப்படிக் காப்பதில்லை.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

‘நான் ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். குளிராக இருந்தது. நடைமேடையில் ஒரு பெண் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. திடீரென்று விளக்குகள் அணைந்தன. அவள் சிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.’

முதல் மூன்றும் சந்தேகமில்லாமல் அம்பார்ஃபெ: ஜாதான்தெ, இல் ஃபஸெ, எல் பார்லெ. நான்காவது நம்முடைய காலமில்லாத ‘இல்லை’: இல் நியாவெ பேர்ஸொன். இதுவரை மேடையில் திரைச்சீலையும் விளக்கும்தான். ‘அணைந்தன’ என்பதில் கதை நகர்கிறது, கோம்போஸே. ‘சிரித்தாள்’ அதற்கு அடுத்து நடந்தது, அதுவும் கோம்போஸே: ‘எல் ஆ ரி’. இந்த ஓர் இடத்தில் ‘எல் ரியெ’ என்று அம்பார்ஃபெ போட்டுப் பாருங்கள். விளக்கு அணைவதற்கு முன்பே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று ஆகி, வாசகனுக்கு முதுகில் சில்லென்று ஏதோ ஊரும். ஒரு விகுதியை மாற்றிக் கதையையே வேறு ஆக்கிவிடலாம்.

கடைசி வாக்கியத்துக்கு இரண்டும் பொருந்தும். ‘ஜ ந கோம்ப்ரனெ பா’ என்றால் குழப்பம் நீடித்தது. கோம்போஸே போட்டால் அந்த நொடியில் பிடிபடவில்லை, அவ்வளவுதான். நானாக இருந்தால் முதலாவதை எழுதுவேன்.

நாவல்களில் கோம்போஸே இருக்க வேண்டிய இடத்தில் ‘பாஸே ஸாம்ப்ல்’ என்ற எழுத்துவழக்குக் காலத்தைப் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம். பின்னணியைச் சொல்லும் அம்பார்ஃபெ அங்கேயும் இதே வேலையைத்தான் செய்கிறது.

‘ஸி’ என்ற சொல்லுடன்

‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்று நாம் சொல்லும்போது ‘இருந்து’, ‘இருந்தேன்’ என்பவற்றில் உள்ள அதே இறந்தகால அடியில்தான் ‘ஆல்’ ஒட்டியிருக்கிறது. பிரெஞ்சும் அதையே செய்கிறது: நம் ‘ஆல்’ போல நிபந்தனை காட்டும் ‘ஸி’ என்ற சொல்லுக்குப் பின் அம்பார்ஃபெ. ‘ஸி ஜாவெ ல தான், ஜ வியான்த்ரெ’: நேரம் இருந்தால் வருவேன், ஆனால் நேரம் இல்லை. இரண்டாம் பாதியில் வரும் வினை எதிர்கால அடியோடு இதே அம்பார்ஃபெ விகுதிகளைச் சேர்த்து உருவாவது. ‘ஸி’யை அடுத்து அந்த ‘ரெ’ வடிவம் வரவே கூடாது. ‘லே ஸி நெம் பா லே ரெ’, அதாவது ‘ஸி’களுக்கு ‘ரெ’களைப் பிடிக்காது என்று பிரெஞ்சுக் குழந்தைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒரு வேறுபாட்டை மட்டும் நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். ‘நேரம் இருந்தால் வருவேன்’ என்ற நம் வாக்கியம் உண்மையிலேயே வரக்கூடியவரும் சொல்வது, வர வாய்ப்பில்லாதவரும் சொல்வது. பிரெஞ்சில் முதலாமவர் ‘ஸி’க்குப் பின் நிகழ்காலம் போடுவார், இரண்டாமவர் அம்பார்ஃபெ. நாசூக்காக மறுக்க விரும்புகிறவருக்கு இரண்டாவது கைகொடுக்கும்.

‘வெளியே போனால் என்ன?’ என்று யோசனை சொல்லவும் இதுதான்: ‘ஸி ஓன் ஸோர்தெ?’ நம் வாக்கியத்திலும் பதில் பாதி தொங்கலில் நிற்கிறது, அவர்களுடையதிலும் அப்படியே. மரியாதையாக ஒன்றைக் கேட்க ‘ஜ வூலெ வூ தமான்தே...’ என்று தொடங்குவார்கள். ‘உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று இருந்தேன்’ என்பதில் நாம் விருப்பத்தை இறந்தகாலத்துக்குத் தள்ளி எதிரில் இருப்பவருக்கு மறுக்க இடம் கொடுப்பது போலத்தான் இதுவும்.

பயிற்சிக்கு ஒரு பழைய புகைப்படத்தை எடுங்கள். அதில் யார் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், வெயிலா மழையா, உங்களுக்கு அப்போது எத்தனை வயது, எது பிடிக்கும், எது பிடிக்காது என்று பத்து வாக்கியம் முழுவதும் அம்பார்ஃபெயில் எழுதுங்கள். பிறகு படம் எடுக்கப்பட்ட கணத்துக்கு அடுத்த நொடியில் நடந்ததை ஒரே ஒரு வாக்கியமாகக் கோம்போஸேயில் சேருங்கள். உரக்கப் படித்தால், உறைந்து நின்ற படம் அந்தப் பதினோராவது வாக்கியத்தில் அசையத் தொடங்குவது காதுக்கே கேட்கும்.